தெருவில் தண்ணீர் ஓடும் பருவம்

அந்தப் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு சஞ்சிகையிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். இடப்பக்க ஓரம் பல்லுப்பல்லாக இருக்கிறது, மற்ற மூன்று ஓரங்களும் நேர். சித்தப்பா அதைப் பல் டொக்டரின் காத்திருப்பு அறையில் கண்டார். களவாகக் கிழிக்கவில்லை. வரவேற்பு மேசைக்குப் போய், கைவசம் இருந்த ஜேர்மன் சொற்கள் முழுவதையும் செலவழித்து அனுமதி கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முழுப் புத்தகத்தையும் கொண்டுபோகச் சொன்னாளாம். வேண்டாம், மற்றவர்களும் வாசிக்க வேண்டும் என்று ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்றைக்குப் பிடுங்கிய பல்லின் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்தார். பிறகு அது ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போய், அவருடைய பாஸ்போட், கலியாணப் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருக்கிற நீலக் கோப்பின் முதல் பக்கமாகிவிட்டது. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் தூக்க வேண்டிய கோப்பு அது.

படத்தில் இருப்பது ஜப்பானில் ஒரு பனிச்சறுக்கு ஊரின் கடைத்தெரு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பனிச்சுவர். கூரைகளில் பனி மெத்தை மெத்தையாக ஏறிக் கிடக்கிறது. ஆனால் நடுவில் தெரு மட்டும் கறுப்பாக, ஈரமாக, ஒரு பொட்டுப் பனி இல்லாமல் இருக்கிறது. தெருவின் நடுக்கோடு முழுக்கச் சின்னச் சின்னத் துவாரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் பீறிடுகிறது. நிலத்துக்கு அடியிலிருந்து இறைத்த வெதுவெதுப்பான தண்ணீர். அது தெருவில் பரவி, விழுகிற பனியை விழுந்த இடத்திலேயே கரைத்துவிடுகிறது. தண்ணீரில் இரும்பு இருக்கிறதால் துவாரங்களைச் சுற்றித் தெரு துருப்பிடித்த மாதிரிச் சிவந்திருக்கிறது. குடை பிடித்த ஒரு பெண் நடந்து போகிறாள். படம் முழுக்கத் தேடினாலும் பனி அள்ளுகிற சவள் ஒன்று கிடையாது.

சித்தப்பா முதலில் தேடியது அதைத்தான். சவள். ஏனென்றால் என் அப்பாவின் தம்பியான அவர் பேர்லினில் முப்பது பனிக்காலம் நடைபாதையில் பனி அள்ளினவர். இங்கே பனி விழுந்தால், மக்கள் வேலைக்குப் புறப்படுகிற நேரத்துக்குள் வீட்டுக்காரன் தன் வாசலுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவனுடைய எலும்புக்கு அவன் பொறுப்பு. எந்த வீட்டுக்காரன் குனிவான்? அதற்கென்று நிறுவனங்கள் இருக்கின்றன. வின்டர்டீன்ஸ்ட் என்று பெயர். நொய்கெல்ன் பகுதியில் பாதி வீதிகளின் வாசல்கள் சித்தப்பாவின் முதுகில் இருந்தன. விடியற்காலையில் ரெலிபோன் அடிக்கும், ஒரு சொல் சொல்லும், வைத்துவிடும். ஏழு மணிக்கு நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது காலடியில் மொறுமொறுத்த பொடிக்கல் அவர் தூவியது. சின்ன வயதில் எனக்கு அதில் பெரிய பெருமை. பனி விழுகிற அன்று ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் துள்ளுவேன். அவர் வீட்டில் பனி விழுகிற அன்று ஒருவரும் துள்ளியதில்லை.

அவர் பனியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதைத் தரம் பிரிப்பார். மா மாதிரி இருக்கிற பனி தள்ள இலேசு, காற்றடித்தால் திரும்பி வந்துவிடும். களி மாதிரி இருக்கிற பனி இடுப்பை எடுக்கும். பகலில் உருகி இரவில் இறுகினது பனியே இல்லை, அது கல்லுக்குப் பிறந்தது. அந்த மூன்றாம் வகையில்தான் அவருடைய வலது மணிக்கட்டு போனது. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டார். அதைப் பற்றிக் கேட்டால் இடது கைக்கும் ஒரு வேலை வேண்டும்தானே என்பார்.

அப்படிப்பட்ட மனுசன் உலகத்திலேயே அதிகம் பனி கொட்டுகிற ஊர்களில் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் சனம் சும்மா விடுமா? வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடுகிற இடத்தில் அவருக்கு நல்ல வறுவல் கிடைக்கும். "என்ன அண்ணை, இஞ்ச அள்ளினது காணாதெண்டு ஜப்பானுக்கும் போய் அள்ளப் போறியளோ?" என்று ஒருவர் தொடங்குவார். சித்தப்பா குனிந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "அள்ளாத ஊர் எப்பிடி இருக்கும் எண்டு பாக்கத்தான் போறன்," என்று சொல்வார். அது பகிடி இல்லை என்று எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

முதலில் நான் அந்தப் படத்தையே நம்பவில்லை. நான் வாய்க்காரி. குடும்பத்தில் இது அதிகாரபூர்வமான தகவல். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் தொடங்கியிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று நினைத்திருந்த செமஸ்டர். பனி விழுகிற தெருவில் தண்ணீர் ஊற்றினால் அது கண்ணாடியாக இறுகும், சனம் வழுக்கி விழும், இது ஏதோ விளம்பரத்துக்கு எடுத்த படம் என்று சித்தப்பாவுக்கே பனியைப் பற்றி வகுப்பெடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரில் குளித்திருக்கிறாயா என்று கேட்டார். நான் பிறந்ததே பேர்லினில், எந்தக் கிணறு? அந்த நேரம் வெளியே குளிரும், வாளியில் வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், நிலத்துக்குக் கீழே பருவம் மாறுவதில்லை, அவ்வளவுதான் விஷயம் என்றார். தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் இறுக நேரம் கிடைக்காது என்றும் சொன்னார். நான் போய்த் தேடி வாசித்தேன். மனுசன் சொன்னது சரி. அதை அவரிடம் ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

தோற்ற கடனுக்கு நான் அவருடைய பயண அதிகாரியானேன். எந்தப் பருவத்தில் போவது திறம் என்று கணினியில் ஒரு அட்டவணை செய்து, கட்டங்களுக்கு நிறம் பூசி, அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வசந்தத்தில் பூ. கோடையில் பச்சை மலை, சறுக்குக் கம்பியில் தொங்குகிற இருக்கைகளில் ஏறிச் சும்மா சுற்றிப் பார்க்கலாம், சனமும் இல்லை. இலையுதிர் காலத்தில் மலை முழுக்க நெருப்புப் பிடித்த மாதிரி. மூன்றிலும் வசந்தம்தான் முதலிடம், உலகமே அதைத்தான் சொல்கிறது என்று தீர்ப்பும் எழுதியிருந்தேன். பனிக்காலத்தை அட்டவணையில் நான் சேர்க்கவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. வின்டர்டீன்ஸ்டில் நவம்பரிலிருந்து மார்ச் முடியும் வரை ஒருவருக்கும் ஊர்லாப் கிடையாது, விடுமுறை விண்ணப்பத்தைத் தொட்டும் பார்க்க மாட்டார்கள். சித்தப்பா அட்டவணையை மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார். "பூப் பாக்க நான் என்னத்துக்குப் பிள்ளை அவ்வளவு தூரம் போக வேணும்? கால்வாய்க் கரையிலயே பூக்குது," என்றார். தாளைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டதும், "தண்ணி ஓடுற பருவம் இதில இல்லையே," என்றார். பென்ஷன் எடுக்க இன்னும் மூன்று வருசம், எடுத்த முதல் பனிக்காலமே போவது என்று முடிவாகியது. என் அட்டவணையின் பின்பக்கத்தில் சித்தி கடைச் சாமான் எழுதினார்.

போன வருசத்துக்கு முதல் வருசம் மார்கழியில் அவருக்குச் சாப்பாடு செல்லாமல் போனது. கண் மஞ்சளானது. தை மாதம் ஒரு வாசலில் சவளைப் பிடித்தபடியே குந்திவிட்டார், கூட வேலை செய்தவர் வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். பிறகு படம் பிடிப்பு, ஊசி, டொக்டரைச் சந்திக்க ஒரு டெர்மின், இன்னொரு டெர்மின். அறிக்கை தபாலில் வந்தபோது குசினியில் வைத்துச் சித்திக்கு நான்தான் வாசித்தேன். கணையம். ஈரலுக்கும் போய்விட்டது. ஜேர்மன் மொழி இப்படியான விஷயங்களை மிகவும் ஒழுங்காக எழுதும். அவரைச் சிகிச்சைக்கென்று வேலையிலிருந்து நிறுத்தி எழுதிக் கொடுத்திருந்தார்கள். முப்பது பனிக்காலங்களில் முதல் முறையாகச் சித்தப்பா பனி விழுகிற காலையில் வீட்டில் இருந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, வேறொருவர் அள்ளுவதைப் பார்த்துப் பிழை பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குடும்பத்தின் எல்லா டெர்மின்களுக்கும் பன்னிரண்டு வயதிலிருந்து வாய் நான்தான். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு சம்பளமில்லாத உத்தியோகம். என் வகுப்பாசிரியை என்னைப் பற்றிச் சொன்ன குறையை அம்மாவுக்குப் புகழாக மொழிபெயர்த்ததில் என் தொழில் ஆரம்பித்தது. வீட்டுக்காரன் கத்தினால் அரைவாசிதான் கொடுப்பேன். அலுவலகத்தில் அப்பா கத்தினால் அதில் கால்வாசி. இரண்டு பக்கமும் சமாதானமாக வீட்டுக்குப் போகும். அதை நான் ஒரு திறமை என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் சில நேரம் அது திறமைதான்.

மார்ச் முதல் கிழமை பெரிய டொக்டரோடு டெர்மின். அறைக்கு வெளியே சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார். சித்தப்பா கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை, டொக்டர் என்ன சொன்னாலும் அப்பிடியே அவரிட்டச் சொல்லிப்போடாதை. மனுசன் அதிலயே விழுந்திடுவார்," என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் வீடுகளில் இது வழக்கம். நோயைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. அவருக்குச் சொல்வது அவருடைய கையை விடுவதற்குச் சமன் என்று ஒரு நினைப்பு. பல்கலைக்கழகத்துத் தோழிகளுக்கு நடுவில் இருந்து இந்த வழக்கத்தைக் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் அதை எதிர்த்துப் பேசியிருப்பேன். அந்த நடைகூடத்தில் கதவைத் திறந்து இரண்டு பேரையும் உள்ளே விட்டேன்.

உள்ளே மூன்று கதிரைகள். நடுவில் நான். டொக்டர் என் அம்மா வயதுப் பெண், அவசரமில்லாமல் கதைத்தார். சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொன்னார். நான் செய்யும் என்பதை மட்டும் தமிழில் சொன்னேன். பிறகு சித்தப்பாவுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார். அவர் நீலக் கோப்பைத் திறந்து, உறையோடு அந்தப் படத்தை எடுத்து, டொக்டரின் மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்தார். "இந்த ஊருக்குப் போக வேணும். எப்ப போறது நல்லம் எண்டு கேள் பிள்ளை," என்றார்.

நான் கேட்டேன். டொக்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார். தெருவில் வருகிறது தண்ணீரா என்று கூடக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: போக விருப்பமிருந்தால் இப்போது. இந்தக் கிழமைகளுக்குள். இப்போது அவரால் நடக்க முடிகிறது, சிகிச்சை இரண்டு கிழமை பொறுக்கும், அதற்கான கடிதத்தை நான் தருகிறேன். அடுத்த பனிக்காலத்தை நம்பித் திட்டம் போட மாட்டேன். இப்போது என்பதற்கான ஜேர்மன் சொல்லை, யெட்ஸ்ட், அவர் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது தடவை கையையும் மேசையில் மெல்ல வைத்தார்.

என் இடப்பக்கத்தில் சித்தி மூச்சு விடாமல் இருந்தார். நான் சித்தப்பாவின் பக்கம் திரும்பினேன். "வாற தை, மாசிதான் திறம் எண்டு சொல்லுறா. அதுக்குள்ள உடம்பும் தேறீடுமாம். ஆறுதலாப் போகலாமாம்," என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. பத்து வருசப் பழக்கம். டொக்டர் நான் எல்லாவற்றையும் சொன்னேனா என்று கேட்டார். ஓம் என்றேன். சித்தப்பா டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு அங்கால் இருந்த சித்தியைப் பார்த்தார். "அப்ப தை, மாசி," என்று சொல்லி, படத்தை எடுத்துத் துடைத்து, கோப்புக்குள் வைத்தார்.

ஒரு விஷயத்தை இதுவரை நான் இங்கே எழுதவில்லை. அந்த ஊரில் கடைத்தெருவைப் பார்த்தபடி ஒரு கமரா இருக்கிறது. சறுக்க வருகிறவர்கள் பனி எப்படி இருக்கிறது என்று பார்க்க இரவு பகலாக அதை இணையத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். டெர்மின் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு காலை, பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பியும் பாணுமாக இருந்து, ஏனென்று தெரியாமல் அதைத் திறந்தேன். அங்கே பின்னேரம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவின் நடுக்கோட்டில் அத்தனை துவாரங்களும் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்த அதே தெரு, அதே துருச்சிவப்பு. அன்றைக்கு மார்ச் மாதம் முடியவில்லை. சித்தப்பா அப்போது மூன்று மாடி ஏறி இறங்கக்கூடியவராக இருந்தார். பத்து நிமிசம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அவருக்குக் காட்டினால், இப்பவே போவமே என்று கேட்பார் என்ற பயம். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு நியாயமும் இருந்திருக்காது. அதுதான் பயம். அடுத்த சில நாட்களும் ஒளித்து ஒளித்துப் பார்த்தேன். சித்திரையில் சுவர்கள் இறங்கின, தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், தெரு சாதாரணத் தெருவானது. எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் பனிக்காலத்தைத் திட்டமிட்டோம். சிகிச்சைக்குப் போய்வந்து படுத்திருப்பார், நான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்வேன். மார்கழித் தொடக்கத்தில் பனி வரும் வராது, நம்ப முடியாது. வருசப் பிறப்புக் கிழமையில் சனம் நெருக்கும், அறை கிடையாது. தை நடுவிலிருந்து மாசி வரை பனி ஆழம், மாவாக இருக்கும், குளிரும் கடுமை. பங்குனியில் வெயில் வரும், பனி களியாகும், சறுக்குகிறவர்கள் சலிப்பார்கள், ஆனால் நடக்கிற ஆட்களுக்கு இதம். இதை வாசித்த அன்று அவர் கண்ணை மூடியபடி, பங்குனியும் பிழையில்லைப்போல என்று மட்டும் சொன்னார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கடைசியில் மாசி முதல் கிழமை என்று அவரே முடிவு சொன்னார். சனிக்கிழமை இறங்கினால் கூட்டம், செவ்வாய் நல்லது, செவ்வாயில் பயணம் தொடங்கக் கூடாது என்று சித்தி சொல்வா, ஆகவே புதன். இப்படி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டோம். நடக்காத ஒன்றை அவ்வளவு நுணுக்கமாக நான் வேறு எந்தப் பாடத்திலும் செய்ததில்லை.

ஆவணியில் படி ஏற ஏலாமல் போனது. புரட்டாசியில் ஆஸ்பத்திரியில், இனிச் சிகிச்சை இல்லை, நோவு மட்டும் பார்ப்போம் என்கிற பகுதிக்கு மாற்றினார்கள். பெரிய ஜன்னல், மேப்பிள் மரம், மெல்ல நடக்கிற தாதிகள். நீலக் கோப்பு கட்டிலுக்குப் பக்கத்து லாச்சிக்குள் இருந்தது. ஒரு மத்தியானம் சித்தி கீழே தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தார். சித்தப்பா நித்திரை என்று நினைத்துக்கொண்டு நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு அந்த டொக்டர் யெட்ஸ்ட் எண்டு சொன்னவ, என்ன?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தச் சொல் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீயோ? முப்பது வரியமா விடிய ரெலிபோனில அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தானே எழும்பினனான்."

ஏன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ தை எண்டு சொன்ன உடன சித்திக்கு மூச்சு வந்தது. நான் பாத்தனான். அவவுக்கு ஒரு தை மாசம் தேவைப்பட்டுது. சரி, இருக்கட்டும் எண்டு விட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எண்டாலும் நீ பேந்தெண்டாலும் தனிய வந்து என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"பங்குனியில அங்க பனி இருந்ததோ?"

"இருந்தது சித்தப்பா."

"தண்ணி?"

"ஓடினது. கமராவில பாத்தனான்."

"என்னண்டு ஓடினது? ஒண்டும் விடாமச் சொல்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அந்தத் தெருவைத்தான். துவாரத்துக்குத் துவாரம் தண்ணீரின் உயரம் ஒரே அளவாக இல்லை என்றேன். சிலது அடைபட்டுப்போய்ச் சும்மா கசிந்துகொண்டிருந்தது. விழுகிற பனித்துகள் தண்ணீரில் பட்ட கணத்தில் காணாமல் போனது, ஒரு சத்தமும் இல்லை, கமராவுக்குச் சத்தம் கிடையாது. ஓரத்தில் இறுகினதா என்று கேட்டார். இறுகவில்லை, கஞ்சி மாதிரிக் கரைந்த பனி தெருவோரக் கானுக்குள் போய்க்கொண்டிருந்தது என்றேன். கார் போனால் தெறிக்குமே என்றார். ஓம், ஒரு வெள்ளைக் கார் வேகமாகப் போனது, ஒரு பெண்ணின் காலெல்லாம் அடித்தது, அவள் நின்று கையை ஆட்டித் திட்டினாள் என்றேன். "அப்ப அது நல்லமில்லை. சனம் நடக்கிற பக்கம் ஒரு தடுப்பு வைச்சிருக்க வேணும்," என்றார். முகத்தில் ஒரு சந்தோசம். அந்த ஊரிலும் அவர் பிழை பிடித்துவிட்டார். பிறகு அங்கே அள்ளுகிற ஆட்களே இல்லையா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் துடித்தது. இருக்கிறார்கள் சித்தப்பா, தெருவுக்குத்தான் தண்ணீர், கூரையில் ஏறி அள்ளினார்கள், இரண்டு கிழவர்கள் என்றேன். "ஓ," என்றார். "கூரையில."

சித்தி இரண்டு கடதாசிக் கோப்பைகளோடு கதவைத் திறந்தார். சித்தப்பா அவரைக் கண்டதும், அதே மூச்சில், "மாசிக்குத் தடிச்ச சப்பாத்து ஒண்டு வேணும், அதைத்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்," என்றார். சித்தி கோப்பையை அவருடைய இடது கைப் பக்கம் வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, "ஓம், இவளுக்கும் ஒண்டு வாங்க வேணும்," என்றார். சித்திக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் அன்றிலிருந்து கேட்டதில்லை. ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள் காலை, மேப்பிள் இலைகள் எல்லாம் விழுந்து முடிகிறதற்கு முன்னால், சித்தப்பா போனார்.

மாசி வந்தது. அவர் குறித்த முதல் கிழமை, அவர் குறித்த புதன். பேர்லினில் முதல் நாள் முழுக்கப் பனி. காலையில் சித்தி வீட்டுக்குப் போனேன். கீழே நடைபாதையில் யாரோ அள்ளிக்கொண்டிருந்தார்கள், சவள் கல்லில் உரசுகிற சத்தம் மூன்றாம் மாடிக்கு வந்தது. சித்தி அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நீலக் கோப்பு மடியில். படத்தை உறையோடு எடுத்து என்னிடம் நீட்டி, நீ வைத்திரு என்றார். பிறகு, சாதாரணமாகப் பால் வாங்கினாயா என்று கேட்கிற குரலில், "இப்ப அங்க தண்ணி ஓடுதோ?" என்று கேட்டார்.

கமராவைத் திறந்தேன். அங்கே பின்னேரம். வானம் நீலமாக, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பனிச்சுவர்கள் இருந்தன, ஆனால் அன்றைக்கு ஒரு துகள் விழவில்லை. பனி விழாத நாளில் தண்ணீர் விட மாட்டார்கள். தெரு காய்ந்துபோய், நடுக்கோட்டில் துருச்சிவப்பு மட்டும் நீளமாகக் கிடந்தது. சித்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுது சித்தி என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் திரையைப் பார்க்கக்கூட மாட்டார், என் சொல்லே காணும்.

"இல்லை சித்தி. இண்டைக்கு அங்க வெயில். றோட்டுக் காய்ஞ்சு கிடக்கு," என்றேன்.

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே உரசல் சத்தம் நின்று, பொடிக்கல் தூவுகிற சத்தம் தொடங்கியது.

"சரி," என்றார். "நாளைக்கும் பார்."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பார்த்துச் சொல்கிறேன். படம் என் மேசையில் இருக்கிறது. அதில் மட்டும் எப்போதும் ஓடுகிறது.